கம்பளை வரை போன யோனா

எங்கள் பாளையங்கோட்டைப் பக்கத்துச் சபைகளில் வெளிநாடு போய் வந்தவர் சும்மா இருந்துவிட முடியாது. அடுத்த ஞாயிறு ஆராதனையில் ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரோடு எழுந்து சாட்சி சொல்ல வேண்டும். சாட்சிக்கென்று ஓர் இலக்கணம் உண்டு. விமானம் தவற வேண்டும், அல்லது பெட்டி காணாமற்போக வேண்டும். அதனாலேயே ஏதோ பெரிய ஆபத்து விலகியிருக்க வேண்டும். எல்லாம் ஒழுங்காக நடந்து, சாப்பாடும் நன்றாயிருந்து, ஊர் வந்து சேர்ந்தவனுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. காணிக்கையைப் போட்டுவிட்டு உட்கார்ந்துகொள்ளலாம்.

என் நண்பரை ஊரில் உபதேசியார் என்பார்கள். பதவியெல்லாம் கிடையாது, பண்டகசாலையில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். பால் பொங்கி வழிந்தால் ஒரு பாடம், செருப்பு அறுந்தால் ஒரு பாடம் என்று எடுத்துவிடுவார். கண்டிக்குப் போவது அவருடைய நெடுநாள் ஆசை. 1850களில் கண்டி மலைக் காப்பித் தோட்டங்களுக்குப் பிழைக்கப் போன தமிழர்களுக்காகச் சர்ச் மிஷன் சங்கத்தார் தனியாக ஒரு மிஷன் தொடங்கியபோது, திருநெல்வேலியிலிருந்துதான் உபதேசியார்களை வரவழைத்தார்கள். அவர்களில் ஒருவர் தம் பாட்டனுக்குப் பாட்டன் என்பார் இவர். ஆதாரம் கேட்டால் விசுவாசம் என்பார்.

கொழும்பு கோட்டையில் ரயில் ஏறும்போதே சொன்னேன். கண்டிக்குள் நுழையாமல் நேரே பதுளைக்குப் போகிற வண்டி இது, பேராதனைச் சந்தியில் பாதை பிரிகிறது, அங்கே இறங்கிவிட வேண்டும் என்று. தலையாட்டினார். ரம்புக்கனை தாண்டி கடுகண்ணாவை மலையில் வண்டி ஏறும்போது பெட்டியிலிருந்த அத்தனை பேரும் ஜன்னல் பக்கம் சாய்ந்து பள்ளத்தாக்கைப் பார்த்தார்கள். உபதேசியார் மட்டும் எதிரே இருந்த பெரியவருக்கு இரட்சிப்பின் வழியை விளக்கிக்கொண்டிருந்தார். பெரியவரும் பொறுமையாகக் கேட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது என்பது பிறகுதான் தெரிந்தது. பேராதனை வந்தபோது உபதேசியார் கண்ணை மூடி ஜெபத்தில் இருந்தார். ஜெபிக்கிறவரைத் தோளில் தட்டலாமா என்பது பற்றி எங்கள் திருச்சபையில் தெளிவான விதி இல்லை. நான் தட்டினேன். அவர் கையை உயர்த்தி, “பொறும்வே” என்றார். வண்டி பொறுக்கவில்லை.

கம்பளை பிளாட்பாரத்தில் பெட்டிகளோடு நின்றோம். உபதேசியார் முகத்தில் ஒரு வெளிச்சம்.

“யோனா நினிவேக்குப் போறதுக்குப் பதிலா தர்ஷீசுக்குக் கப்பல் ஏறினாம்லா? அதே கதைதாம்வே. கர்த்தர் இங்க ஏதோ வச்சிருக்காரு.”

“யோனா ஏறினது சரி. கூட இருந்த கப்பக்காரன் என்னவே பாவம் செஞ்சான்? அவன் சரக்கெல்லாம்லா கடல்ல போச்சு!”

இதற்கு அவரிடம் பதில் இல்லை. கப்பற்காரர் பக்கம் நின்று யோனாவின் கதையைப் பிரசங்கித்தவர் எவரையும் நான் கேட்டதில்லை. கர்த்தர் கம்பளையில் வைத்திருந்தது ஒரு கடையில் சூடான பருப்பு வடை. அதை நானும் ஸ்தோத்திரத்தோடே ஏற்றுக்கொண்டேன்.

மறுநாள் பேராதனைப் பூங்கா. 1821இல் தொடங்கிய தோட்டம், 147 ஏக்கர். மூன்று பக்கமும் மகாவலி வளைந்து ஓடுகிறது. பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரானவர் 1901இல் வந்து நட்ட நாகலிங்க மரம் இன்னும் நிற்கிறது. அதைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் உயரமான மரங்களில் பழந்தின்னி வௌவால்கள் ஆயிரக்கணக்கில் தொங்கின. உபதேசியார் படைப்பின் மகத்துவத்தை அண்ணாந்து பார்த்தார். படைப்பு அவருடைய வெள்ளைச் சட்டையில் பதில் சொன்னது.

துடைத்துக்கொண்டே, லேவியராகமத்தில் அசுத்தமான பறவைகளின் பட்டியலில் வௌவாலைச் சேர்த்திருப்பதன் காரணம் இப்போது விளங்குகிறது என்றார். நான் விலங்கியல் வாத்தியாராக இருந்தவன். வௌவால் பறவை இல்லை, குட்டி போட்டுப் பால் கொடுக்கிற சாதி என்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. அத்தோடு விட்டிருக்கலாம், இந்தச் சம்பவத்துக்குப் பொருத்தமான கதை தோபித்துதான் என்றும் சொன்னேன். குருவி எச்சம் கண்ணில் விழுந்து பார்வை போன தோபித்து. அவர் மகனுக்கு வழித்துணையாக, ஆள் யாரென்று சொல்லாமலே நெடுந்தூரம் கூட நடக்கிற ரபேல் தூதர். பின்னாலேயே போகிற ஒரு நாய். வேதாகமத்தில் இதைவிட நல்ல பயணக் கதை கிடையாது. ஒரே சிக்கல், அது கத்தோலிக்கர் வேதாகமத்தில்தான் இருக்கிறது. உபதேசியார் வெகுநேரம் யோசித்தார்.

“நம்ம புஸ்தகத்துல இல்லாத பாடம் நமக்கு வேண்டாம்வே” என்று சட்டையைக் கழுவப் போனார்.

கத்தோலிக்கர் என்றதும் தனிநாயகம் அடிகள் நினைவுக்கு வருகிறார். 1950களில் இதே பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கல்வித்துறை விரிவுரையாளர். குருவானவர், உலகம் முழுக்கச் சுற்றியவர், ‘ஒன்றே உலகம்’ என்று பயண நூலே எழுதியவர். வத்திக்கான் நூலகத்தில் தேடி, 1679இல் அச்சான புரொயன்சா பாதிரியாரின் தமிழ்–போர்த்துக்கீச அகராதியைக் கண்டெடுத்தவர். அப்படிப் பயணம் போனால் சாட்சி சொல்ல வேண்டாம். அகராதியைத் தூக்கிக் காட்டினால் போதும்.

அதே 1679இல்தான் இந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் தப்பி ஓடினார். சாட்சி சொல்ல முழுத் தகுதி உடையவர், ராபர்ட் நொக்ஸ். 1659இல் மசூலிப்பட்டினக் கரையில் அடித்த புயலில் அவர்கள் கப்பலின் பாய்மரத்தை வெட்டிவிட வேண்டியதாயிற்று. பழுது பார்க்கத் திருகோணமலைப் பக்கம் கொட்டியாரத்துக்கு வந்தார்கள். வந்த இடத்தில் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் கப்பல் தலைவரான தகப்பனையும் பத்தொன்பது வயது மகனையும் இன்னும் சிலரையும் பிடித்துக் கண்டிச் சீமைக்குக் கொண்டுபோனார்கள். பிடிபட்ட அடுத்த வருஷம் தகப்பன் காய்ச்சலில் போய்விட்டார். மகன் பத்தொன்பது வருஷத்துக்கு மேல் இங்கே கிடந்தார். தொப்பி பின்னி விற்றார், நெல்லை வட்டிக்கு விட்டார். கடைசியாகக் குடியிருந்த எலதெத்த கிராமம் பேராதனையிலிருந்து அதிக தூரமில்லை.

ஒரு நாள் ஓடையில் மீன் பிடித்துக்கொண்டிருந்தபோது ஒரு கிழவர் வந்து, நொக்ஸின் வேலைக்காரப் பையனிடம், உன் எஜமானுக்குப் படிக்கத் தெரியுமா என்று கேட்டார். போர்த்துக்கீசர் கொழும்பை விட்டுப் போன காலத்தில் தமக்குக் கிடைத்த புத்தகம் ஒன்று இருக்கிறதாம். கொண்டுவரச் சொல்லிப் பார்த்தால் ஆங்கில வேதாகமம்! கண்டி மலைக்குள், அந்தக் காலத்தில்! நொக்ஸ் கையிலிருந்த காசையெல்லாம் கொடுக்கத் துணிந்தார். பையன் தடுத்தான். ஒரு தொப்பி போதும் என்றான். ஒரு தொப்பிக்கு வேதாகமம் கைமாறியது. இந்தக் கதையில் என் வணக்கம் அந்தப் பையனுக்குத்தான். விசுவாசிக்குப் பக்கத்தில் பேரம் பேசத் தெரிந்த ஓர் ஆள் எப்போதும் வேண்டும்.

கடைசியில் நொக்ஸும் ஸ்டீபன் ரட்லண்ட் என்ற நண்பரும், ஊர் ஊராகச் சாமான் விற்கிறவர்கள் போல வடக்கே நடந்து, அநுராதபுரம் தாண்டி, காட்டாற்றோரமாகவே போய், மன்னார்ப் பக்கம் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார்கள். இதையெல்லாம் நொக்ஸ் எழுதிய புத்தகம் 1681இல் வெளியாயிற்று.

விடுதித் திண்ணையில் இதைச் சொன்னபோது உபதேசியார் கண் கலங்கிவிட்டார். நான் மேலே சொன்னேன். இத்தனை காலம் சிறையிருந்த அதே நொக்ஸ், பிறகு கம்பெனிக் கப்பலுக்குத் தலைவராகி, அடிமைகளை வாங்க மடகாஸ்கருக்குப் போனார்.

உபதேசியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

“சபையில சொல்லும்போது தொப்பியோட நிறுத்திக்கிடலாம்வே.”

இத்தனை வருஷ நட்பில் அவர் சொன்னவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். சாட்சிக் கலை முழுதும் எங்கே நிறுத்துவது என்பதில் அடங்கியிருக்கிறது. வடையோடு நிறுத்தினால் கம்பளை ஆசீர்வாதம். திரும்பி வந்த பஸ்ஸில் நின்றுகொண்டே வந்ததையும் சேர்த்தால் வெறும் கம்பளை.

அன்று இரவு அவருடைய தோள் பை காணவில்லை. பாஸ்போர்ட், வேதப்புத்தகம், பல்செட் எல்லாம் அதில். காணாமற்போன வெள்ளிக்காசுக்காக ஒரு பெண் வீடு பெருக்கிய கதையைத் தொடங்கினார். பல் இல்லாததால் பாதி புரியவில்லை. சற்று நேரத்தில் வாசலில் முச்சக்கர வண்டிச் சத்தம். எங்களை இறக்கிவிட்டுப் போன சிங்கள இளைஞர். அவருக்குத் தெரிந்த தமிழ், “ஐயா பை, ஐயா பை” என்ற அளவுதான். உபதேசியார் நெகிழ்ந்து, பையைத் திறந்து, அவருக்கு ஒரு கைப்பிரதி கொடுத்தார். தமிழ்க் கைப்பிரதி. அவர் இரண்டு கையாலும் வாங்கி, நெற்றியில் ஒற்றி, வண்டியில் சின்னப் புத்தர் சிலைக்குப் பக்கத்தில் செருகிக்கொண்டார். நான் நீட்டிய பணத்தில் பெட்ரோலுக்கு மட்டும் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் கண்டியில் திரித்துவக் கல்லூரிச் சிற்றாலயத்துக்குப் போனோம். பழைய கண்டி ராஜாவின் கொலுமண்டபம் போலக் கல்தூண்கள் நிறுத்திக் கட்டிய கோயில். சுவரில் டேவிட் பெயின்டர் வரைந்த பெரிய ஓவியங்கள். நல்ல சமாரியனும் உண்டு, மனிதர்கள் எல்லாம் நம் பக்கத்துச் சாயல். உபதேசியார் அதன் முன்னால் நின்றார். இந்த உவமையில் நாமெல்லாம் சமாரியராக இருக்க வேண்டும் என்று அவர் பிரசங்கித்ததை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். இப்போது கீழே கிடக்கிற ஆளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவன் பையில பல்செட் இருந்துச்சான்னு தெரியலயே” என்றேன். முறைத்தார்.

அன்று சாயங்காலம் கொத்து ரொட்டி சாப்பிட்டார். எரிக்கும் என்று எச்சரித்தேன். இரவு முழுதும் அவர் அறைக்கும் குளியலறைக்கும் இடையே நடந்தார். மருந்துக்கடையில் ஜீவனிப் பொட்டலம் வாங்கி, தண்ணீரில் கரைத்துக்கொண்டு வந்து கட்டிலருகே உட்கார்ந்தேன். ஆச்சரியம், எனக்குள் பாடங்கள் ஊறின. எகிப்தின் இறைச்சிப் பானைகள், காடை தின்ற இஸ்ரவேலர், கூழுக்கு ஆசைப்பட்ட ஏசா என்று வரிசையாக வந்தன. இச்சையடக்கம் பற்றி மூன்று தலைப்புகளில் தொடங்கினேன். கிடக்கிறவர் வயிறு நம் வயிறாக இல்லாதபோது எவ்வளவு தெளிவாகப் பேச வருகிறது!

உபதேசியார் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

“யோபுவுக்கு ஆறுதல் சொல்லவந்த சிநேகிதருங்க முதல் ஏழு நாள் என்ன செஞ்சாங்க?”

“வாயைத் திறக்காம தரையில உக்காந்திருந்தாங்க.”

“அதையே செய்யும். டம்ளரக் குடுத்துட்டு.”