‘போஸ்’: ஒரு விளிச்சொல் பற்றிய கள ஆய்வு

பெட்டாலிங் ஜெயாவின் தெற்குப் பக்கம் கம்போங் மேடான். அங்குள்ள மாமாக் கடைகளில் ஒரு நாளைக்கு அதிகம் செலவாவது ரொட்டி மாவு என்பது பொதுநம்பிக்கை. இவ்வாய்வு அதை மறுக்கிறது. அதிகம் செலவாவது ‘போஸ்’ என்ற சொல்தான்.

முதலில் எழுத்துச் சிக்கலைத் தீர்ப்போம். தமிழ்நாட்டார் ‘பாஸ்’ என்று எழுதுவார்கள். 2010இல் ஆர்யா படத்தில் அதுவே பாஸ்கரனின் சுருக்கமும் ஆனது. மலேசியத் தமிழ் நாளிதழில் ‘பாஸ்’ என்றால் அது ஓர் அரசியல் கட்சி. வம்பு எதற்கென்று நம் வாய் மலாய்க்காரர் வழியில் ‘போஸ்’ என்கிறது. அதிலும் நிம்மதியில்லை. 1943இல் நேதாஜி சிங்கப்பூருக்கு வந்ததைக் கண்ட தலைமுறைக்குப் போஸ் ஒருவர்தான். அவர் எந்த மேசைக்கும் தே தாரேக் கொண்டுபோனதாகச் சான்றில்லை.

சொல்லின் பூர்வீகம் டச்சு மொழி; பொருள், எசமான். எசமானை ‘மாஸ்டர்’ என்றழைத்தால் அடிமை வாடை அடிக்கிறதென்று அமெரிக்க வேலையாட்கள் இதற்கு மாறினார்களாம். ஆக, பிறவியிலேயே இது நழுவும் சொல். நம் தோட்டங்களில் அந்த வசதி கிடையாது. துரை துரைதான், கிராணி கிராணிதான், கங்காணி கங்காணிதான். தோட்டங்கள் துண்டாடப்பட்டுப் பட்டணத்துப் புறம்போக்குக்கு வந்தபோதுதான் யாரை எப்படிக் கூப்பிடுவது என்ற குழப்பம் வந்தது. ‘அண்ணே’ என்றால் வயதைக் கணிக்க வேண்டும். மலாய்க்காரரின் ‘பாங்’ என்றால் இனத்தைக் கணிக்க வேண்டும். ‘போஸ்’ என்றால் எதையும் கணிக்க வேண்டாம். எதிரே ஆள் இருந்தால் போதும்.

களத்தில் பதிவான உரையாடல் (‘கிரா’ என்றால் கணக்குப் போடு):

“போஸ், கிரா!”

“போஸ் என்ன சாப்பிட்டீங்க?”

“போஸ்தானே கொண்டுவந்து வச்சீங்க?”

“அது இன்னொரு போஸ், போஸ்.”

நான்கு வரிகளில் ஐந்து போஸ்கள்; அதிகாரம் ஒருவரிடமும் இல்லை.

ஒப்பீட்டுக்குத் தகாலோக் மொழி. இதற்காகப் பிலிப்பைன்ஸ் போக வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை கோலாலம்பூர் கோத்தா ராயா பக்கம் போய்க் காதைத் திறந்தால் போதும். சம்பளம் தரும் எசமானுக்கு அவர்களிடம் ஸ்பானியர் விட்டுச்சென்ற ‘ஆமோ’ என்ற சொல் உண்டு. (முதலாளியைக் கேள்விக்குறியோடு குறிப்பிடும் மொழி என்று தமிழ்க் காது மகிழலாம்.) ஓட்டுநர், காவலாளி, முன்பின் தெரியாதவர் எல்லாருக்கும் ‘போஸ்’, கொஞ்சம் செல்லம் கூடினால் ‘போஸ்ஸிங்’. நடிகர் விக் சோட்டோவுக்கு அதுவே பட்டப்பெயர். இங்கே 2019இல் முன்னாள் பிரதமர் நஜிப்புக்கு ‘போஸ்கு’ ஒட்டிக்கொண்டதை ஒப்புநோக்குக. ஆகப் பிலிப்பினோக்கள் கூலி தருபவருக்கு ஒன்று, தராதவருக்கு ஒன்று என்று தெளிவாகப் பிரித்துவைத்திருக்கிறார்கள். நாமும் அப்படித்தான், காசு தருபவர் ‘தவுக்கே’ ஆகிவிடுகிறார். அது ஹொக்கியன் சொல். அண்ணனுக்குப் பிலிப்பினோக்கள் சொல்லும் ‘கூயா’வும் ஹொக்கியனிலிருந்து போனதே. சீனர் கடை வைத்த ஊர்களில் சொந்தபந்தமும் கடனில் கிடைத்திருக்கிறது.

ஆய்வு தடுமாறும் இடம் பெண்கள். கல்லாவில் இருக்கும் அம்மாவைப் ‘போஸ்’ என்று கூப்பிட யாருக்கும் நா எழவில்லை. அக்கா, காக், ஆன்ட்டி என்று உறவு தேட வேண்டியிருக்கிறது. வயதை ஒரு படி கூட்டிவிட்டால் மீதிச் சில்லறை மேசையில் விழும் சத்தமே வேறு. மணிலாக் கடைச் சிப்பந்திகள் இதற்கு முடிவு கண்டுவிட்டார்கள். வருவது ஆணோ பெண்ணோ, ‘மாம்சார்’ என்று இரண்டையும் ஒட்டிச் சொல்லிவிடுகிறார்கள். கம்போங் மேடானில் இதை அறிமுகப்படுத்தும் யோசனையைப் பரோட்டா மாஸ்டரிடம் வைத்தேன். மாவை வீசியபடியே கேட்டார்:

“சாம்பாரா போஸ்? தீர்ந்துபோச்சு. பருப்பு ஊத்தவா?”