கேட்ட குறி வராது

எங்கள் அபார்ட்மென்ட் அசோசியேஷனில் சர்க்குலர் அடிக்கும் வேலை என்னுடையது. சம்பளம் கிடையாது, திட்டு உண்டு. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: வேர்டில் நாம் கேட்ட குறி வராது, கேட்காத குறி வராமல் இருக்காது.

ரூபாயையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுக்காரரான உதயகுமார் வரைந்த ₹ குறியை 2010 ஜூலை 15 அன்று இந்திய அரசு ஏற்றது. அதே ஆண்டு அக்டோபரில் யூனிகோடிலும் அதற்கு இடம் கிடைத்துவிட்டது. கிடைக்காதது எனக்குத்தான். என் லேப்டாப்பில் 4 என்ற விசைமேலேயே ₹ அச்சாகியிருக்கிறது. ஷிஃப்டோடு அமுக்கினால் டாலர் வருகிறது. ரூபாய் கேட்டவனுக்கு டாலர் கொடுக்கும் ஒரே ஜீவன் கம்ப்யூட்டர்தான். விசைப்பலகை அமைப்பை ‘இங்கிலீஷ் (இந்தியா)’ என்று மாற்றி, வலப்பக்க ஆல்ட்டோடு 4ஐ அமுக்க வேண்டுமாம். இல்லையென்றால் 20பி9 என்று ஆங்கிலத்தில் அடித்து, ஆல்ட்டையும் எக்ஸையும் சேர்த்து அமுக்க வேண்டும். மெயின்டனன்ஸ் வசூலிக்க ரகசியக் குறியீடு!

‘இன்செர்ட்’டுக்குள் ‘சிம்பல்’, அதற்குள் ‘மோர் சிம்பல்ஸ்’ என்று போய்த் தேடலாம். ‘விங்டிங்ஸ்’ எழுத்துருவில் கத்தரிக்கோல், டெலிபோன், வெடிகுண்டு, மண்டையோடு எல்லாம் கிடைத்தன. ரூபாய் மட்டும் இல்லை. எட்டிப் பார்த்த பொருளாளர், “அந்த மண்டையோட்டை விடாதீங்க சார். பாக்கி வச்சிருக்கறவங்க பேருக்குப் பக்கத்துல போடலாம்” என்றார்.

கேட்காமல் வந்ததற்கும் கணக்கு இருக்கிறது. ஆங்கில சர்க்குலரில் (ஏ) வண்டியைக் கோட்டுக்குள் நிறுத்தவும், (பி) நாயைக் கட்டிப் போடவும் என்று வரிசையாக அடித்துக்கொண்டே போனேன். அடைப்புக்குறிக்குள் ‘சி’ போட்டதும் அது © ஆகிவிட்டது. மாடியிலிருந்து குப்பை கொட்டக்கூடாது என்ற விதிக்கு உலகளாவிய காப்புரிமை! கன்ட்ரோல்-இசட் அடித்துத்தான் அதைப் பொதுவுடைமை ஆக்கினேன்.

கடைசியில் சுதேசி வழியில் இறங்கினேன். தமிழுக்கென்றே பழைய கணக்குக் குறிகள் உண்டு: ரூபாய்க்கு ௹, வரவுக்கு ௷, பற்றுக்கு ௶, மேற்படிக்கு ௸. 2003லிருந்து யூனிகோடிலும் இருக்கின்றன. பழைய பத்திரங்கள் படித்துப் பழகிய கீழ்வீட்டுத் தாத்தா மட்டும் பார்த்ததும் மலர்ந்துபோனார். மற்றவர்கள், “என்ன சார், பிரிண்டர்ல பூச்சி பூந்துடுச்சா?” என்றார்கள். சிலருடைய செல்போனில் அதுவும் இல்லை, வெறும் கட்டம்.

பொருளாளர்தான் முடித்து வைத்தார். “பேசாம ‘ரூ.’ன்னே போடுங்க சார். நீங்க என்ன குறி போட்டாலும் கட்டாதவன் கட்டப்போறதில்ல.”