ஃபுல் டேங்க் வாசனை

கே: என்னுடையது 1985-ம் வருட வோக்ஸ்வாகன் கேம்பர் வேன். டேங்க்கை நிரப்பினால் பெட்ரோல் கசிகிறது. பாதி போட்டால் கசிவதில்லை. ஏன்?

ப: வேன் உங்களுக்குச் சிக்கனம் கற்றுத் தருகிறது! டேங்க்கின் மேற்புறம் காற்று போய்வரும் ஹோஸ்களும் ரப்பர் வளையங்களும் உண்டு. பாதி டேங்க் பெட்ரோல் அவற்றை எட்டாது, நிரப்பினால் எட்டிவிடும். வயதான ரப்பர் இறுகி விரிசல் விடும். எத்தனால் கலந்த பெட்ரோல் அதை இன்னும் சீக்கிரம் கெடுக்கும். டேப் சுற்றிச் சமாளிக்காதீர்கள். ஒன்று போனால் மற்றவையும் அதே வயதுதான். ஹோஸ், வளையம், கிளாம்ப் எல்லாவற்றையும் மாற்றுங்கள். எத்தனால் தாங்கும் ஹோஸாகக் கேட்டு வாங்குங்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றி, டேங்க்கைக் காலிசெய்து, திறந்தவெளியில் வேலை நடக்கட்டும். உள்ளே கேஸ் அடுப்பு வேறு இருக்கிறதே? கசிவு நிற்கும்வரை டீயைக் கடையிலேயே குடியுங்கள்!