சனிக்கிழமை, மதியம் ஒரு மணி

எண்பதுகளில் நான் பெர்க்லியில் மாணவனாக இருந்தபோது ஃபுட்பால் ஆட்டம் எத்தனை மணிக்கு என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. சனிக்கிழமை என்றால் மதியம் ஒரு மணி வாக்கில். சாப்பாட்டுக்குப் பின் தொடங்கும், வளைகுடா மேல் வெயில் மஞ்சளாகச் சாயும்போது முடியும், ராத்திரிக்கு லேபோ லைப்ரரியோ அவரவர் தலையெழுத்துப்படி. இன்று அதே பல்கலைக்கழகம் சீசனுக்கு முன் வெளியிடும் அட்டவணையில் நேரம் இருக்க வேண்டிய இடத்தில் பெரும்பாலும் 'பின்னர் அறிவிக்கப்படும்' என்றுதான் இருக்கிறது. டெலிவிஷன்காரர்கள் பன்னிரண்டு நாள் முன்னால், சில வாரங்களில் ஆறே நாள் முன்னால், மனம் வைத்து அறிவிப்பார்கள். கல்யாணத்துக்கு நாள் குறிக்கிற பெர்க்லி பட்டதாரிகள் இப்போது பஞ்சாங்கத்தோடு சேர்த்து இஎஸ்பிஎன்னையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

அந்த ஒரு மணி ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்குகிற பழக்கம் எங்களுக்கு இல்லை. மெமோரியல் ஸ்டேடியத்துக்குக் கிழக்கே, ஸ்ட்ராபெர்ரி கேன்யனின் சரிவில், டைட்வாட் ஹில் என்று ஒரு குன்று உண்டு. கஞ்சர்களின் குன்று என்று வெளிப்படையாகவே பெயர் வைத்துவிட்டதால் அங்கே உட்கார யாருக்கும் கூச்சமில்லை. சறுக்குகிற மண்ணில் காலை ஊன்றிக்கொண்டு, யூகலிப்டஸ் வாசனைக்கு நடுவே, ஐஸ்கிரீம் டப்பாவில் கட்டிக்கொண்டு போன புளியோதரையைப் பிரித்தால், கீழே மைதானம், அதற்கு அப்பால் மணிக்கூண்டு, அதற்கும் அப்பால் வளைகுடா, மூடுபனி அனுமதித்தால் கோல்டன் கேட் பாலம் என்று எல்லாம் இலவசம். பெர்க்லி பாயிண்ட் எடுக்கும்போதெல்லாம் முழங்குகிற பீரங்கியும் அதே குன்றில்தான் இருந்தது. முதல் முறை அது வெடித்தபோது நான் துள்ளியதில் புளியோதரையில் பாதி கலிஃபோர்னியா மண்ணுக்குப் போயிற்று. பக்கத்தில் இருந்த கிழவர் தன் சாண்ட்விச்சில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தார். அவர் காதில் டிரான்சிஸ்டர், அதில் கேஜிஓ 810, அதில் ஜோ ஸ்டார்க்கியின் தொண்டை கிழிகிற வர்ணனை. சேப்பாக்கத்து டெஸ்ட்டைத் தமிழ் ரேடியோ வர்ணனையில் கேட்டு வளர்ந்தவனுக்கு இது அந்நியமாகவே தோன்றவில்லை. விதிகள்தான் புரியவில்லை, ஆனால் ரேடியோ வர்ணனைக்கு விதிகள் எதற்கு?

நான் போய்ச் சேர்ந்தது 1983-இல். அதற்கு முந்தைய நவம்பரில்தான் ஸ்டான்ஃபோர்டுக்கு எதிரான 'பிக் கேம்' ஆட்டத்தின் கடைசி நொடிகளில், ஐந்து முறை பந்தைக் கைமாற்றிக்கொண்டு, ஆட்டம் முடிந்துவிட்டதென்று உள்ளே நுழைந்துவிட்ட ஸ்டான்ஃபோர்ட் பேண்டுக்காரர்களுக்கு நடுவே புகுந்து, ஒரு டிராம்போன்காரரை இடித்துத் தள்ளி, பெர்க்லி 25–20 என்று ஜெயித்திருந்தது. ஊரில் நான் சந்தித்த அத்தனை பேரும் அன்று அந்த மைதானத்தில் இருந்தார்கள். என் வீட்டுக்காரம்மா இருந்தார், தபால்காரர் இருந்தார், துறைச் செயலாளர் இருந்தார். எழுபதாயிரத்துச் சொச்சம் பேர் உட்காரும் இடத்தில் சுமார் மூன்று லட்சம் பேர் இருந்திருக்கிறார்கள் என்பது என் கணக்கு. எனக்கு நேரில் பார்க்கக் கிடைத்தது 1986 பிக் கேம். அந்த சீசனில் ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்திருந்த அணி, வேலை போய்விட்டதென்று முன்பே சொல்லப்பட்டிருந்த கோச் ஜோ காப்புக்கு அதுதான் கடைசி நாள், எதிரே பலமான ஸ்டான்ஃபோர்ட். 17–11 என்று ஜெயித்தோம். 'ஜெயித்தோம்' என்று பன்மையில் நான் சொல்லத் தொடங்கியது அன்றிலிருந்துதான். டிக்கெட்டுக்கு ஒரு டாலர் கொடுக்காதவனுக்கு அந்தப் பன்மை கொஞ்சம் அதிகம்தான்.

அப்போது நாங்கள் இருந்த கூட்டணிக்குப் பெயர் பேக்-10. அமெரிக்காவில் கல்லூரி அணிகள் இப்படி வட்டாரவாரியாகக் கான்ஃபரன்ஸ் என்ற பெயரில் சேர்ந்துகொண்டு தங்களுக்குள் ஆடிக்கொள்ளும். 1915-இல் தொடங்கிய பசிபிக் கரைக் கூட்டணியின் வழிவந்த எங்களுடையதில் பத்து அணிகளும் ஐந்து ஜோடிப் பக்கத்து வீட்டுக்காரர்கள்: வாஷிங்டன் மாநிலத்தில் இரண்டு, ஆரெகனில் இரண்டு, வளைகுடாவைச் சுற்றி நாங்களும் ஸ்டான்ஃபோர்டும், லாஸ் ஏஞ்சல்ஸில் இரண்டு, அரிசோனாவில் இரண்டு. ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கத்து வீட்டு எதிரி உறுதி. வருஷக் கடைசியில் இங்கே ஜெயித்தவரும் மத்தியமேற்கின் பிக் டென்னில் ஜெயித்தவரும் பாசடீனாவில் ரோஸ் பௌல் ஆடுவார்கள். 1947 ஜனவரியிலிருந்து அப்படித்தான். நான் உதவி ஆசிரியனாகப் பாடம் நடத்திய வகுப்பில் ஒரு ஃபுட்பால் வீரன் இருந்தான். மேசையோடு ஒட்டிய அந்த நாற்காலிக்குள் அவனை யாரும் நுழைத்திருக்க முடியாது. பின் சுவரோரம் தரையில் உட்கார்ந்துதான் தெர்மோடைனமிக்ஸ் கற்றான். திங்கட்கிழமை வகுப்பை அவன் தவறவிட்டதாக ஞாபகமில்லை. ரொம்ப தூரம் என்றால் டூசான், அல்லது கோதுமை வயல்களுக்கு நடுவே இருக்கிற புல்மன். ஞாயிறு காலைக்குள் எல்லாரும் ஊர் திரும்பிவிடுவார்கள்.

இவ்வளவு சுகத்துக்கு நடுவே எனக்கு ஒரு பெரிய மனக்குறை இருந்தது: டிவியில் ஆட்டமே காட்டமாட்டேன் என்கிறார்கள்! என்சிஏஏ என்ற தலைமை அமைப்பு ஐம்பதுகளின் தொடக்கத்திலிருந்து டெலிவிஷனைத் தன் கைக்குள் வைத்திருந்தது. டிவியில் காட்டினால் மைதானத்துக்கு ஆள் வராது என்ற பயம். எவ்வளவு புகழ்பெற்ற அணியானாலும் இரண்டு வருஷத்தில் ஆறு முறைக்கு மேல் திரையில் வரக்கூடாது. பணப் பங்கீடு அதைவிட அழகு. 1981-இல் ஓக்லஹோமாவும் யுஎஸ்ஸியும் மோதியதை இருநூறுக்கும் மேற்பட்ட நிலையங்கள் காட்டின. அப்பலாச்சியன் ஸ்டேட்டும் சிட்டடலும் ஆடியதைக் காட்டியவை நான்கே நிலையங்கள். நான்கு அணிகளுக்கும் கிடைத்தது ஒரே தொகை. தூர்தர்ஷன் காட்டினால்தான் உண்டு என்ற நாட்டிலிருந்து, லைசென்ஸும் கோட்டாவும் இல்லாத சந்தைப் பொருளாதாரத்தைப் பார்க்கவென்றே விமானம் ஏறியவன் நான். இங்கேயும் ரேஷனா என்று சர்வதேச மாணவர் விடுதியின் சாப்பாட்டு மேசையில் முழங்கினேன். ஓக்லஹோமா பல்கலைக்கழகமும் ஜார்ஜியா பல்கலைக்கழகமும் வழக்குப் போட்டு, 1984 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்று என்சிஏஏவின் பிடியை உடைத்தபோது, ஏதோ என் வாதத்தைக் கேட்டுத்தான் தீர்ப்பு எழுதினார்கள் என்பதுபோல் அந்த மேசையில் காலர் தூக்கிக்கொண்டேன். எதிர்த்து எழுதிய நீதிபதி பைரன் வைட் கொலராடோவுக்காக ஆடிப் புகழ்பெற்ற பழைய ஃபுட்பால் வீரர். அந்தக் கிழவருக்கு என்ன தெரியும் என்று கேட்டது இருபத்துநாலு வயது.

சட்டப்படி அந்தத் தீர்ப்பு சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். உடனே பணமும் கொட்டிவிடவில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் கடை விரித்ததில் முதல் வருஷம் விலை சரிந்தது. பிறகு கேபிள் வந்தது, ஒவ்வொரு வீட்டின் மாதச் சந்தாவிலிருந்தும் சில்லறை பிரிக்கலாம் என்று கண்டுபிடித்தார்கள், எந்தக் கூட்டணியின் கையில் எத்தனை நகரத்து வீடுகள் என்ற கணக்கு எந்த அணி யாரோடு ஆடியது என்ற சரித்திரத்தை மெல்ல ஓரங்கட்டியது. தேர்தல் நேரத்துக் கூட்டணித் தாவலை வருஷக்கணக்காகப் பார்த்துப் பழகிய தமிழன் இதற்கெல்லாம் அதிர்ச்சியடையக் கூடாதுதான். 1914-இல் பிறந்த சவுத்வெஸ்ட் கான்ஃபரன்ஸ் 1996-இல் கலைந்தது. என் கிண்டி அறைத்தோழன் அந்தக் கூட்டணியில் இருந்த டெக்சஸ் ஏ அண்ட் எம்மில் படித்தவன். ஆட்டம் முழுக்க நின்றுகொண்டேதான் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் மதம். 2011 நவம்பரில், தேங்க்ஸ்கிவிங் ராத்திரி, கடைசி நொடியில் டெக்சஸ் உதைத்த பந்தில் 27–25 என்று தோற்றுவிட்டு எனக்குப் போன் செய்தான். தோற்றதற்கல்ல. 1894-இல் தொடங்கிய அந்தப் பக்கத்து வீட்டுச் சண்டை அன்றோடு நின்றது. இவர்கள் எஸ்இஸி கூட்டணிக்குப் போனார்கள், டெக்சஸ் இஎஸ்பிஎன்னோடு சேர்ந்து தனக்கென்று ஒரு சேனலே வைத்துக்கொண்டது. சண்டை மறுபடி தொடங்க 2024 ஆயிற்று, அதுவும் டெக்சஸும் அதே எஸ்இஸிக்கு வந்து சேர்ந்த பிறகு. "சண்டை போடுறதுக்கு ஆள் இல்லாம பதிமூணு வருஷம் இருந்திருக்கியாடா நீ?" என்றான். எனக்குக் கல்யாணமாகிவிட்டது என்பதை அவனுக்கு நினைவுபடுத்தினேன்.

எங்கள் பக்கம் நடந்தது அதைவிட வேடிக்கை. கொலராடோவையும் யூட்டாவையும் சேர்த்துக்கொண்டு பேக்-12 ஆகி, 2011-இல் பன்னிரண்டு வருஷத்துக்குச் சுமார் 300 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டு, அடுத்த வருஷமே சொந்த டெலிவிஷன் தொடங்கி, சான் ஃபிரான்சிஸ்கோ நடுவே அலுவலகம் எடுத்து, வாடகையில் மட்டும் எல்லாக் கான்ஃபரன்ஸையும் முந்திவிட்டார்கள் என்று பேச்சு. அதே சமயத்தில் பெர்க்லி தன் ஸ்டேடியத்தைப் புதுப்பித்தது. 1923-இல் கட்டிய அந்த மைதானம் ஹேவர்ட் நிலப்பிளவின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. பூமி நகர்ந்தாலும் பகுதி பகுதியாகத் தானும் நகர்ந்துகொடுக்கும்படி அற்புதமாக வடிவமைத்தார்கள். கூட்டணி நகர்ந்தால் என்ன செய்வதென்று எந்த இன்ஜினியரும் யோசிக்கவில்லை. மிஞ்சியது 40 கோடி டாலருக்கு மேல் கடன். 2022 ஜூன் 30 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் ஜோடியான யுஎஸ்ஸியும் யுஸிஎல்ஏவும் பிக் டென்னுக்குத் தாவின. சில வாரங்களில் ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி மூன்றும் பிக் டென்னுக்கு ஏழு வருஷத்துக்கு 700 கோடி டாலருக்கு மேல் எழுதிக்கொடுத்தன. எங்களுக்கு வந்தது ஆப்பிளின் ஸ்ட்ரீமிங் யோசனை. எத்தனை பேர் சந்தா கட்டுகிறார்களோ அதைப் பொறுத்துக் காசு. 2023 ஆகஸ்டில் ஒரே வெள்ளிக்கிழமை ஆரெகன், வாஷிங்டன், அரிசோனா ஜோடி, யூட்டா எல்லாம் கிளம்பிவிட்டன. ஆரெகன் ஸ்டேட்டும் கோதுமை வயல் புல்மனின் வாஷிங்டன் ஸ்டேட்டும் மட்டும் அங்கேயே நின்றன. கோதுமைக்கு டெலிவிஷன் சந்தா கிடையாது.

பெர்க்லியும் ஸ்டான்ஃபோர்டும் செப்டம்பர் முதல் தேதி கைகோத்துக்கொண்டு ஏசிசியில், அதாவது அட்லாண்டிக் கரைக் கான்ஃபரன்ஸில், சேர்ந்தன. தொடக்க வருஷங்களுக்கு முழுப் பங்கில் சுமார் முப்பது சதவீதம் போதும் என்று ஒப்புக்கொண்டு. ஆகவே இப்போது 60 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிற ஸ்டான்ஃபோர்டோடு கோடரிக் கோப்பைக்காக நாங்கள் ஆடுவது அட்லாண்டிக் கரையின் ஆட்டம். நாலாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிற மயாமி எங்கள் கூட்டணிக்காரர். ஒரே கலிஃபோர்னியா அரசுப் பல்கலைக்கழகக் குடும்பத்தைச் சேர்ந்த யுஸிஎல்ஏ, தான் கிளம்பியதால் நலிந்த பெர்க்லிக்கு வருஷம் ஒரு கோடி டாலர் தர வேண்டும் என்று நிர்வாகக் குழு தீர்ப்புச் சொன்னது. ஊரில் அதை ஜீவனாம்சம் என்றுதான் பேசிக்கொண்டார்கள்.

அந்த மயாமி வந்த 2024 அக்டோபர் 5 சுவாரசியமான நாள். இஎஸ்பிஎன்னின் 'காலேஜ் கேம்டே' நிகழ்ச்சி முதல் முறையாக பெர்க்லிக்கு வந்தது. கிழக்குக் கரைக்காரர்கள் காலை ஒன்பதுக்குப் பார்க்க வேண்டுமென்று எங்கள் பிள்ளைகள் விடியாத ஆறு மணிக்குப் புல்வெளியில் கூவிக்கொண்டிருந்தார்கள். ஆட்டமோ ராத்திரி ஏழரைக்கு. 35–10 என்று முன்னேறிவிட்டு நள்ளிரவு நெருங்குகையில் 39–38 என்று தோற்றார்கள். நடு நடுவே விளம்பரத்துக்காக மைதானத்தில் ஒரு சிவப்புத் தொப்பிக்காரர் வந்து நிற்பார். அவர் நகரும்வரை இருபத்திரண்டு தடியர்களும் இடுப்பில் கை வைத்துக் காத்திருக்க வேண்டும். எங்கள் காலத்தில் பந்தைத் தேடிக்கொண்டு போனவரைத் தவிர யாருக்காகவும் ஆட்டம் நின்றதில்லை என்று என் மகளிடம் சொன்னேன். "அப்பா, அப்ப நீங்க எப்படிச் சாப்பிட எழுந்து போவீங்க?" என்றாள். பதில் சொல்ல முடியாத கேள்வி.

குறைதான் என்று ஒரேயடியாகச் சொல்லவும் மனம் வரவில்லை. அன்று நான் ஏங்கியபடி எல்லா ஆட்டமும் இன்று திரையில் இருக்கிறது, எதற்கு எந்தச் சந்தா என்று குறித்துவைக்க ஒரு தாள் மட்டும் ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறது. தரையில் உட்கார்ந்து படித்த அந்தப் பையனுக்குப் படிப்புச் செலவைத் தவிர ஒன்றும் கிடைக்கவில்லை. 2025-இல் ஏற்கப்பட்ட வழக்குச் சமரசத்தின்படி இப்போது ஒரு பல்கலைக்கழகம் வருஷத்துக்குச் சுமார் இரண்டு கோடி டாலர்வரை ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகக் கொடுக்கலாம். அது நியாயம், தாமதமான நியாயம். ஆனால் டிவிக்குத் தேவையே இல்லாத நீச்சல்காரிகளும் வாலிபால்காரிகளும் அதே ஒப்பந்தத்துக்காகக் கண்டம் தாண்டிப் பறந்து, விமான நிலையத் தரையில் பரீட்சைக்குப் படிக்கிறார்களே, அது எந்தக் கணக்கில் சேர்த்தி என்று எந்தக் கான்ஃபரன்ஸ் கமிஷனரும் சொல்லக் காணோம். கிழவரின் டிரான்சிஸ்டரில் ஒலித்த அந்த 810 அலைவரிசையை 2022-இல் விளையாட்டுப் பந்தயம் கட்டுவோருக்கான நிலையமாக மாற்றினார்கள். பசிபிக் கூட்டணியின் புகழை மைக் கிடைத்தபோதெல்லாம் பாடிய வர்ணனையாளர் பில் வால்ட்டன், அந்தப் பழைய கூட்டணியின் கடைசி ஆட்டங்கள் நடந்த 2024 மே மாதத்திலேயே போய்ச் சேர்ந்தார்.

பேக்-12 இப்போது மறுபடி கட்டப்படுகிறது. தனித்து நின்ற இரண்டும் ஆட ஆள் கிடைக்காமல் 2025-இல் தங்களுக்குள்ளேயே இரண்டு முறை ஆடிக்கொண்டன. 2026 ஜூலையிலிருந்து பாய்ஸி ஸ்டேட், ஃபிரெஸ்னோ ஸ்டேட் முதலானவற்றோடு டெக்சஸ் ஸ்டேட்டும் சேர்வதாக ஏற்பாடு. செய்தி வந்த அன்று அறைத்தோழன் கூப்பிட்டான்.

"ஏண்டா, டெக்சஸ்ல பசிபிக் எந்தப் பக்கம் இருக்கு?"

"அட்லாண்டிக்குக்குப் பக்கத்து வீடுதான். ஆட்டம் எத்தனை மணிக்குன்னு கேளு, அதுதான் எனக்கும் தெரியாது" என்றேன்.