பிரெயவி புராணம்

வா மோனை, இரு. நேற்று ராத்திரி குசினிக்குள்ளை ஏப்ரனைக் கழட்டிப் முதலாளி பத்ரோன்ர முகத்துக்கு நேர எறிஞ்சனியாம். பாரிஸ் லாச்சப்பல் முழுக்க உன்ர வீரம்தான் கதை. இனிச் சிலைதான் வைக்கோணும். தெருவிலை இடம் கிடக்கோ எண்டுதான் யோசிக்கிறன்.

ஆனா பிரெஞ்சுச் சட்டம் ஏப்ரன் எறியிறதை ராஜினாமா எண்டு எடுக்காது. விடுறன் எண்டது தெளிவா இருக்கோணும். சும்மா வீட்டிலை படுத்துக் கிடந்தியோ, "15 நாளுக்குள்ளை வா, இல்லாட்டிக் காரணம் சொல்லு" எண்டு பத்ரோன் பதிவுத் தபால் போடலாம். அதையும் பாராமல் விட்டால், 2023 ஏப்ரல் தொடக்கம் நீயாய் விட்டுட்டுப் போனதாத்தான் கணக்கு. பிறகு பிரெயவி, அதுதான் விட முந்திச் செய்யவேண்டிய முன்னறிவித்தல் காலம், செய்யேல்லை எண்டு காசும் கேப்பார்.

ஆனபடியா நீயே பதிவுத் தபால் போடு. வேலையை விடுறன், திகதி இது. பத்ரோன்ர தாய் தகப்பனை அதுக்குள்ளை இழுக்காதை. தபால்காரன் முதல்முறை கடிதத்தை நீட்டுற நாளிலையிருந்து பிரெயவி நாள் ஓடும். பத்ரோன் பிரிச்சிலை ஒளிச்சிருந்தாலும் ஓடும். சாப்பாட்டுக் கடைக்கு 1997ஆம் ஆண்டு கூட்டு ஒப்பந்தம் கிடக்கு: சாதாரண ஊழியருக்கு 6 மாசத்துக்குக் கீழை வேலை செய்திருந்தால் 8 நாள், 2 வருஷம் வரைக்கும் 15 நாள், அதுக்கு மேலை ஒரு மாசம். நீ மூண்டு வருஷமா வெங்காயம் வெட்டினனி. இன்னும் ஒரு மாசம் போய் வெட்டு.

"இனி வராதை" எண்டு அவராய்ச் சொன்னால் எழுத்திலை வாங்கு. வராத மாசத்துச் சம்பளமும் அவர் தலையிலைதான். நீ போய் "அண்ணை, என்னை இண்டைக்கே விடுங்கோ" எண்டு கெஞ்சி அவர் ஓமெண்டால், ஒரு சதமும் இல்லை. அதாலை வாயைப் பொத்திக்கொண்டு, முகத்தை மட்டும் சோகமா வைச்சிரு.

"வழக்குப் போடுவன்" எண்டு வெருட்டினவரோ? போடட்டும். ப்ரூதோம் எண்ட தொழில் நீதிமன்றம் கிடக்கிறது லூயி பிளாங் தெரு 27ஆம் இலக்கம். நீ தோசை தின்னுற இடத்திலையிருந்து நடந்தே போகலாம். நெப்போலியன் காலத்திலை, 1806இலை லியோனிலை தொடங்கின ஏற்பாடு. தீர்ப்புச் சொல்லுறவையிலை பாதி முதலாளிப் பக்கம், பாதி தொழிலாளிப் பக்கம். அப்புக்காத்தும் கட்டாயமில்லை.

ஆனா பத்ரோன் அந்தத் தெருப்பக்கம் தலை வைக்கமாட்டார், பந்தயம். உன்ர சம்பளத் துண்டிலை மாசம் 80 மணித்தியாலம். உன்ர முழங்கால் சொல்லுது 240. மிச்சம் கவரிலை வந்தது. மணித்தியாலத்தை வேணுமெண்டே ஒளிச்சது நிரூபணமானால், வேலை முறியேக்கை 6 மாசச் சம்பளம் கட்டோணும் எண்டு சட்டம் சொல்லுது. ஒரு மாசத்தைப் பிடுங்கப் போய் ஆறு மாசத்தைக் குடுக்க அந்தாள் விசரரோ?

குசினிச் சுவரிலை ஒட்டின நேர அட்டவணையைப் படம் பிடிச்சு வைச்சிருக்கிறாய்தானே? இல்லையோ? அட மடையா, எறியிறதுக்கு முந்தியெல்லோ எடுக்கோணும்! பரவாயில்லை, ஒரு மாசம் கிடக்கு. பின்னை பிரெயவி என்னத்துக்கு?

கடைசி நாள் வேலைச் சான்றிதழ், கணக்குத் தாள், வேலையில்லாதவையைப் பாக்கிற பிரான்ஸ் திரவாய்க்குக் குடுக்கிற பத்திரம் மூண்டையும் கேட்டு வாங்கு. கணக்குத் தாளிலை கையெழுத்து வைச்ச பிறகும் 6 மாசம் வரைக்கும் மறுக்கலாம். அதை நீ அவருக்கு ஞாபகப்படுத்தாதை. தேத்தண்ணி தந்தால் குடிச்சிட்டு வா.