கட்டற காசுக்கு மொதல்ல டைம் ஸ்டடி போடு, கண்ணு

வா கண்ணு, இப்படித் திண்ணையில உட்காரு. உங்கப்பன் உன்னை இன்டஸ்ட்ரியல் எஞ்சினியரிங்ல சேக்கறதுன்னு முடிவு பண்ணிட்டானாமே, ஊரே பேசுது. சந்தோசம். காலேஜ் பஸ்ஸுல ஏசி உண்டா, ஹாஸ்டல்ல ஞாயித்துக்கெழமை கோழி உண்டான்னு எல்லாம் விசாரிச்சுட்டுத்தான் வந்தானாம். “அந்தப் படிப்புல என்னடா சொல்லிக் குடுப்பாங்க?”ன்னு கேட்டேன். “அதெல்லாம் அவங்க பாத்துக்குவாங்க பெரியப்பா”ங்கறான். அந்தியூர் சந்தையில மாடு வாங்கறப்ப பல்லைப் புடிச்சுப் பாக்காம கவுத்தைத் தொடமாட்டான் உங்கப்பன். லட்சக்கணக்குல காசு போடற எடத்துல மட்டும் வாயைத் தொறந்து பாக்கறதுக்கு அவனுக்குக் கூச்சம்.

சரி, அவன் கேக்காததை நான் சொல்றேன். மெஷினை வடிவமைக்கறவன் மெக்கானிக்கல்காரன். மெஷின், ஆளு, சரக்கு, நேரம் நாலும் ஒரே கூரைக்குக் கீழ ஓடறப்ப எது எங்க வீணாப் போகுதுன்னு பாத்துச் சரி பண்றவன் இந்தப் படிப்புக்காரன். அமெரிக்காவுல டெய்லர்னு ஒருத்தர் ஸ்டாப்வாட்சைக் கையில வெச்சுக்கிட்டு ஆலைக்காரங்க வேலையை அளந்து (அதுக்குப் பேருதான் டைம் ஸ்டடி), 1911ல அதைப் புஸ்தகமாவே போட்டார். கில்பிரெத்துன்னு இன்னொருத்தர், கொத்து வேலையில இருந்து வந்தவர். செங்கல் வெக்கறதுல 18 அசைவு இருந்ததை அஞ்சாக் கொறைச்சார். அவர் சம்சாரம் லில்லியன் அதே கணக்கைச் சமையக்கட்டுக்குக் கொண்டு போனாங்க. அந்தம்மா பெத்தது 12 புள்ளைங்க. நேரத்தை மிச்சம் புடிக்கறதுக்கு அவங்களுக்குக் காலேஜு தேவைப்பட்டிருக்காது.

இதைக் கண்ணால பாக்கோணும்னா நீ அமெரிக்கா போக வேண்டியதில்ல, திருப்பூர் பஸ் ஏறுனாப் போதும். பெரிய பனியன் கம்பெனிகள்ல ‘ஐ.இ. டிபார்ட்மென்ட்’டுன்னு ஒண்ணு இருக்கும். தைக்கற அம்மணி பக்கத்துல ஒரு பையன் வாட்சோட நிப்பான். அவனைக் கண்டதும் அம்மணி கை தானா மெதுவாயிரும். வேகமாத் தைச்சாக்கா நாளைக்கு டார்கெட்டை ஏத்திப் போடுவாங்கன்னு அவளுக்குத் தெரியாதா? அதுக்குத்தான் இவங்க படிப்புல ‘ரேட்டிங்’னு ஒண்ணு வெச்சிருக்காங்க. வாட்சு ஒரு பீசுக்கு 30 செகண்டு காட்டுதுன்னு வெய்யி. அம்மணி 80 சதவீத வேகத்துலதான் தைச்சான்னு பையன் கணிச்சா, அது 24 செகண்டாயிரும். தண்ணி குடிக்க, நூல் மாத்த, கை ஓயன்னு 15 சதவீதம் சேத்தா 27.6. அப்படின்னா மணிக்கு 130 பீசு. வெளிநாட்டு ஆர்டருக்கு என்ன வெலை சொல்றது, எத்தனை டெய்லர் போடறதுங்கறதெல்லாம் இந்த நம்பரை நம்பித்தான் நிக்குது. அந்த 80ஐ எந்த மெஷினும் சொல்லல, பையன் கண்ணால பாத்துச் சொன்னது! அவன் நாலு வருசம் படிச்ச படிப்பும், பத்து வருசமாத் தைக்கற அம்மணியோட சாமர்த்தியமும் அங்கதான் மோதும். நான் அம்மணி பக்கந்தான் பந்தயம் கட்டுவேன்.

இப்ப நம்ம கணக்குக்கு வருவோம். தமிழ்நாட்டுத் தனியார் காலேஜுகளுக்கு 2017ல கட்டணக் கமிட்டி ஒரு ரேட்டு வெச்சுது. தர அங்கீகாரம் வாங்குன பாடப்பிரிவுக்குக் கவுன்சிலிங்ல வந்தா வருசம் 55,000, மேனேஜ்மென்ட் கோட்டாவுல வந்தா 87,000. அதுக்கு மேல நன்கொடைன்னு வாங்கறதுக்கு 1992லயே தடைச் சட்டம் போட்டாச்சு. அதனாலதான் மேல வாங்கற காசுக்கு எவனும் ரசீது தர்றதில்ல, சட்டத்து மேல அவ்வளவு பயபக்தி! அப்புறம் ஹாஸ்டல், பஸ்ஸு, பரீட்சைக் கட்டணம். கடேசியில ‘இதர’ன்னு ஒரு வரி இருக்கும். அந்த இதரவுல உங்கப்பன் தோட்டத்துல ஒரு மூலை போயிரும்.

“லோன் போட்டுக்கலாம் பெரியப்பா, படிச்சு முடிக்கற வரைக்கும் கட்ட வேண்டியதில்ல”ங்கறான். நீங்க கட்டாட்டியும் வட்டி தூங்காது. வருசம் 1.25 லட்சமா நாலு வருசத்துல அஞ்சு லட்சம் வாங்கறேன்னு வெய்யி, வட்டி 10 சதவீதம். படிப்பு முடிஞ்சு ஒரு வருசம் ஆகறப்ப தனி வட்டியே 1.75 லட்சம் ஏறியிருக்கும். அந்த 6.75 லட்சத்தை ஏழு வருசத்துல அடைக்கோணும்னா மாசத் தவணை சுமார் 11,200. ஆக மொத்தம் 9.4 லட்சம் கட்டியிருப்பே. நான் நோட்டுல பென்சில்ல போட்டுப் பாத்தது, நீ உன்ற போன்ல ஒருக்கா தட்டிப் பாத்துக்கோ.

வேலை கெடைச்சா அடைச்சுப்புடலாம்னு தோணும். பைபாஸ் ரோட்டு போர்டுல ஒரு பையன் டை கட்டிக்கிட்டுச் சிரிக்கறானே, பக்கத்துல அவன் சம்பளத்தைப் பெரிய எழுத்துல போட்டிருக்குதே, அது ஒருத்தன் வாங்குனது. மீதிப் பசங்க போட்டோவுக்கு எடம் பத்தலியாட்ட இருக்குது. என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்குக் காலேஜுக குடுக்கற விவரத்துல, வேலைக்குப் போனவங்களை வரிசையா நிறுத்துனா நட்ட நடுவுல நிக்கறவன் சம்பளம் எவ்வளவுன்னு இருக்கும். அதைத் தேடிப் பாரு. அது காலேஜ் மொத்தத்துக்கும் சேத்துப் போட்டது, கம்ப்யூட்டர்காரன் சம்பளமும் அதுல கலந்திருக்கும். அதனால போன வருசம் இதே பிரிவுல முடிச்ச பசங்க நாலு பேரைப் புடிச்சுப் பேசு. சி.டி.சி.யைக் கேக்காதே, கைக்கு எவ்வளவு வருதுன்னு கேளு. முதலாளி கட்டற பி.எஃப்., கிராஜுவிட்டி, இன்சூரன்ஸ் எல்லாத்தையும் சேத்துச் சொல்றது சி.டி.சி. அது பொண்ணு பாக்கப் போறப்ப ஆகும், ரூமு வாடகைக்கு ஆகாது.

நெரந்தர வேலையா, அப்ரண்டிசான்னும் கேளு. 2019ல போட்ட விதியில டிகிரி அப்ரண்டிசுக்கு மாசம் குறைஞ்சது 9,000ன்னு வெச்சாங்க. உன்ற தவணை 11,200. சோறு திங்காம, துணி எடுக்காம கட்டுனாலும் 2,200 துண்டு விழுகும். அப்பப் போயி உங்கப்பனைக் கேளு, ‘அதெல்லாம் அவங்க பாத்துக்குவாங்க’ன்னு சொல்றானா பாப்போம்.

படிப்பையே மட்டம் தட்டறேன்னு நெனச்சுக்காதே. சரக்கை எவ்வளவு இருப்பு வெக்கறது, லாரியை எந்த வழியில உடறது, எந்த மெஷின் எங்க நிக்கோணும், தப்புச் சரக்கு வராம எப்படித் தடுக்கறதுன்னு இதுல சொல்லிக் குடுக்கற வித்தைக்குக் கார் கம்பெனியில இருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் எடம் இருக்குது. தரத்துக்குன்னு ஜப்பான்காரன் குடுக்கற டெமிங் பரிசை இந்தியாவுல மொதல்ல வாங்குனதே நம்ம தமிழ்நாட்டு சுந்தரம் கிளேட்டன், 1998ல. ஆனா ஒண்ணு, இந்த வேலைக்கு மெக்கானிக்கல், புரொடக்ஷன், டெக்ஸ்டைல் படிச்சவனையும் எடுக்கறாங்க. உனக்குன்னு தனிக் கதவு ஒண்ணும் கெடையாது. அரசாங்க வேலைக்கு எழுதறதா இருந்தா, அறிவிப்புல உன்ற பிரிவு பேரு இருக்குதா, இல்லாட்டி சமானம்னு ஆணை இருக்குதான்னு சேர்றதுக்கு மின்னாடியே பாத்துக்கோணும்.

இனி என்ற தீர்ப்பைக் கேட்டுக்கோ. 1794ல சர்வே பள்ளிக்கூடமா ஆரம்பிச்சுதே கிண்டி காலேஜு, அங்க கவுன்சிலிங்ல இந்தப் பிரிவு கெடைச்சா கண்ணை மூடிட்டுச் சேரு. செலவு கம்மி, பேரு பெருசு. ஆறாப்புல இருந்து கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்சிருந்தா 7.5 சதவீத இடஒதுக்கீட்டுல கல்விக் கட்டணம், ஹாஸ்டல் எல்லாம் அரசாங்கமே கட்டும். உங்கப்பன்தான் டையும் ஷூவும் மாட்டி வேன்ல ஏத்தி உட்டு அதைத் தடுத்துப்புட்டானே! உங்க வீட்டுல டிகிரி முடிச்சவங்க யாருமில்ல, அதனால கவுன்சிலிங்ல வந்தா மொதல் பட்டதாரிச் சலுகை வருசம் 25,000 கழியும். 55,000 கட்டற எடத்துல 30,000 கட்டுனாப் போதும். அப்படி ஒரு நல்ல தனியார் காலேஜு கெடைச்சா, நான் சொன்ன விசாரணை எல்லாம் முடிச்சுட்டுச் சேரு.

மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு அந்தச் சலுகை கெடையாது. அதுக்குக் கடன் வாங்கிப் போறதுக்குப் பதிலா, கவுன்சிலிங்ல மெக்கானிக்கலோ புரொடக்ஷனோ எடு. ரெண்டு வருசம் ஷிப்டு வேலை பாத்து, எண்ணெய்க் கறை பட்டு, கேட் பரீட்சையில புரொடக்ஷன் அண்டு இன்டஸ்ட்ரியல் பேப்பரை எழுது. அதுல தேறி எம்.இ.க்குச் சீட்டு வாங்குனா மாசம் 12,400 உதவித்தொகை உனக்கு அவங்க குடுப்பாங்க. இந்தத் துறைக்குன்னே 1963ல மும்பையில ஆரம்பிச்ச நிட்டி, 2023ல இருந்து ஐ.ஐ.எம். மும்பை ஆயிருச்சு. புத்தி இருந்தா அந்த வழியும் இருக்குது.

வீணாப் போறதைக் கண்டுபுடிக்கற படிப்புக்கு வீணாக் காசைக் கட்டிச் சேந்தீன்னா, மொதல் பாடத்துலயே நீ பெயிலு. அட்வான்ஸ் கட்டறதுக்கு மின்னாடி திருப்பூர்ல ஏதாச்சும் ஒரு கம்பெனியில ஒரு மாசம் ஹெல்பரா நின்னு பாரு. அந்த வேலை புடிச்சிருந்தா, கவுன்சிலிங்ல கெடைச்சாச் சேரு. கடன் வாங்கித்தான் சேரோணும்னா வேண்டாம்.