வன்னி நுழைவியல்: ஓர் ஆய்வுக்கு முன்னுரை

இலங்கையின் வடக்கிலுள்ள வன்னிக்குள் நுழைவோருக்கு வேண்டிய ஆவணங்கள் பற்றி இதுவரை முறையான ஆய்வு எதுவும் நடைபெறவில்லை என்று தொடங்குவது துறை மரபு. தேடிப் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும் என்று மரபு சொல்லவில்லை. ஆகவே, நடைபெறவில்லை.

முதலில் வரைவிலக்கணம். சுற்றுலாப் பயணி யார்? குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் 2012 ஜனவரி 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த இலத்திரனியல் பயண அனுமதியில் இதற்கு விடை உண்டு. இடம் பார்க்க, விடுமுறை கழிக்க, உறவினரைக் காண, வைத்தியம் செய்ய வரும் வெளிநாட்டவர் சுற்றுலாப் பயணி. இதன்படி, புதுக்குடியிருப்பில் பிறந்து, முள்ளியவளையில் படித்து, ரொறன்ரோவில் கடவுச்சீட்டு எடுத்த ஒருவர் வைகாசி விசாகத்துக்கு வற்றாப்பளை அம்மனிடம் வந்தால், அவர் சுற்றுலாப் பயணி. அவருடைய பெட்டியில் சொக்லேட்டும், அம்மம்மாவின் முழங்காலுக்குப் பூசும் மருந்தும், மூன்று வருடத்துக்கு முன்னர் மச்சாள் கேட்ட சப்பாத்தும் இருக்கும். கமெரா இராது.

மறுபுறம், போர் முடிந்தபின் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்து, கிளிநொச்சியில் விழுந்து கிடந்த தண்ணீர்த் தாங்கியின் முன் நின்று படமெடுத்தவர்கள் வீசா விடயத்தில் பயணிகளே அல்லர், பிரஜைகள். ஆகவே, கமெராவால் அறியப்படுபவர் பயணி அல்லர். கடவுச்சீட்டின் அட்டையால் அறியப்படுபவரே பயணி என்மனார் புலவர். எந்தப் புலவர் என்று இரண்டாயிரம் ஆண்டாக எவரும் கேட்டதில்லை. இங்கும் கேட்கலாகாது.

விண்ணப்பப் படிவத்தின் இறுதி வினாக்களுள் ஒன்று, இலங்கையில் வதிவதற்கான வீசா உமக்கு உண்டா என்பது. தற்போது இலங்கையில்தான் இருக்கிறீரா என்ற பொருளில் இன்னொன்று. வட்ஸப்பில் அம்மம்மாவோடு கதைத்தபடி படிவம் நிரப்பும் பேரனின் விரல் இவ்விடத்தில் சற்று நிற்கும். இரண்டுக்கும் "இல்லை" என்றே அழுத்த வேண்டும். இந்த நிற்றலை "விரல் தயக்கம்" என்று இவ்வாய்வு பெயரிடுகிறது (மேலும் காண்க: தயக்கமாலை, இரண்டாம் விரற்படலம், நூல் இன்னும் எழுதப்படாததால் பக்க எண் தரப்படவில்லை).

கடவுச்சீட்டு ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். திரும்பிப் போக ரிக்கெற் வேண்டும். இவற்றில் ஆய்வதற்கு ஒன்றுமில்லை.

அடுத்து, பாஸ். தொண்ணூறுகளில் வன்னியிலிருந்து வெளியே வர விரும்பியவர் புலிகளிடம் பாஸ் எடுக்க வேண்டும். அதற்கு ஆள் பிணை நிற்க வேண்டும். பிணையாளியை விட்டு வவுனியாவுக்கு வந்தால், அங்கே தங்கவும் அதற்கப்பால் போகவும் அரசாங்கத்தின் பாஸ். நாட் கணக்கில் ஒன்று, மாதக் கணக்கில் ஒன்று என்று அது பல இனமாகக் கிளைத்தது. சிதம்பரபுரம் முகாமிலிருந்த ஒருவரின் மனுவை விசாரித்த உச்ச நீதிமன்றம், அவருடைய நடமாடும் உரிமை மீறப்பட்டதென 2002இல் தீர்த்தது. பாஸின் இனவியலை எழுத வந்தவர்கள் அதன்பின் வேறு தலைப்புத் தேட வேண்டியதாயிற்று.

இனி, இத்துறையின் தலையாய சிக்கல்: அரை மணி.

1996 மேயில், மின்சாரம் மிச்சம்பிடிக்க அரசாங்கம் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது. ஒக்டோபரில் அரை மணி பின்னுக்கு இழுத்தது. புலிகளின் நிர்வாகப் பகுதியோ பழைய நேரத்திலேயே நின்றது. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி ஏ9 பாதை திறந்தபோது, ஓமந்தைச் சோதனைச் சாவடிக்குத் தெற்கே பத்து மணி, வடக்கே ஒன்பதரை. உலகத்தில் எந்தத் தூதரகமும் கேட்காத ஒரு நுழைவு நிபந்தனையை, அதாவது மணிக்கூட்டின் சாவியைத் திருகுவதை, வன்னி கேட்டது.

இதில் இரு பள்ளிகள் உண்டு. உள்ளே போகிறவர் வாழ்நாளில் அரை மணி சம்பாதிக்கிறார் என்பது ஈட்டவாதம். வரிசையில் நின்றது இரண்டு மணித்தியாலம் என்பதால் நிகர நட்டம் ஒன்றரை மணி என்பது வெயில்வாதம். யாழ்ப்பாணம் போகிறவர் சம்பாதித்ததை, அரசாங்க நேரம் மறுபடி தொடங்கும் முகமாலையில் திருப்பிக் கொடுத்துவிட்டே அப்பால் போக வேண்டும் என்பதில் மட்டும் இரு பள்ளிக்கும் ஒற்றுமை. கொண்டுபோன சாமானுக்கு வரி கட்டியவர்கள் பலர். அரை மணிக்கு வரி கட்டியதற்குப் பற்றுச்சீட்டு எதுவும் கிடைக்கவில்லை.

தீராத கேள்வி, ஓமந்தையில் அரசாங்கச் சாவடிக்கும் புலிகளின் சாவடிக்கும் நடுவே என்ன நேரம் என்பது. அங்கே செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு நின்றது. அது நடுநிலை அமைப்பு. ஆகவே அங்கே ஒன்பதேமுக்கால் என்று கொள்வதே முறை. (இக்கருத்து "சூனியவெளிச் சூத்திரம்" என்னும் நூலின் காணாமற்போன மூன்றாம் அதிகாரத்துக்கு, பிறவாத உரையாசிரியர் ஒருவர் எழுதிய அடிக்குறிப்பில் வருகிறது. மூல ஓலையைக் கறையான் தின்றது; கறையானோடு நேர்காணல் நடந்தது; அது பெயர் வெளியிட விரும்பவில்லை; அதன் ஒலிப்பதிவைப் பிரதிசெய்த மாணவருக்கு நன்றி, அவரது பெயர் இடமின்மையால் விடப்பட்டது.)

இந்த வெளியைப் பற்றிக் கொழும்பு ஹோட்டல் மண்டபங்களில் கட்டுரை வாசிக்கும் அறிஞர்கள் உளர். வாகனத்தை விட்டிறங்கி, பையைத் தலையில் வைத்து, பிள்ளையின் கையைப் பிடித்து அதைக் கடந்த பெண்மணி அவர்களுடைய கட்டுரையில் "தகவலாளி 7". பேராசிரியரின் பெயர் முழுதாக இருக்கும், பட்டங்களுடன்.

2006 ஏப்ரலில் நாடு முழுவதும் பழைய நேரத்துக்கே திரும்பியது. ஓமந்தைக்கு இருபுறமும் ஒரே மணி. அந்த ஓகஸ்டில் முகமாலையில் சண்டை மூண்டு பாதை பூட்டப்பட்டது.

போர் முடிந்தபின் வந்த 2014 ஒக்டோபர் தனி அதிகாரம் வேண்டும் மாதம். யாழ்தேவி ரயில் இருபத்துநான்கு ஆண்டுகளின் பின் யாழ்ப்பாணம் வந்த அதே மாதத்தில், வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரர் வடக்குக்குப் போகப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும் என்ற விதியும் திரும்பி வந்தது. கட்டுநாயக்காவில் பெற்ற வீசா ஓமந்தையில் போதாமற்போனது. கடிதமில்லாதவர் அங்கிருந்து திருப்பப்பட்டனர். ஒரே ஆள், ஒரே கடவுச்சீட்டு: காலியில் சுற்றுலாப் பயணி, கனகராயன்குளத்தில் பாதுகாப்பு விடயம். ஆட்சி மாறிய 2015 ஜனவரியில் விதி நீங்கியது. அவ்வாண்டு ஓகஸ்டில் ஓமந்தைச் சாவடியும் அகன்றது. இத்துறைக்கு அது பேரிழப்பு.

2024இல் வீசா வேலை வெளிக் கம்பனிகளிடம் போய், உச்ச நீதிமன்றம் தடுத்து, பழைய முறைக்கே மீண்டது. புதிதாய் ஒன்றும் இல்லை.

புறனடை: இரட்டைக் குடியுரிமை உடையோர் இவ்வாய்வில் அடங்கார். அவர்களுக்கான விண்ணப்பங்களை 2011இல் நிறுத்தி 2015இல் மீண்டும் ஏற்றதால், அவர்களைப் பற்றித் தனிநூல் வேண்டும். அது இரண்டு பாகமாக வரும். இரண்டாவதை வாங்க முதலாவதைத் துறக்கத் தேவையில்லை. கட்டணம் மட்டும் கட்டினால் போதும்.